‘அவர்’ ‘நீர்’ ஆகும் இடம்: இறையியல் படிப்பை ஆராதனையோடு இணைப்பது எப்படி?

இறையியல் படிக்கத் தொடங்கிய முதல் சில மாதங்களில் பலருக்கும் ஒரு சங்கடம் வரும். வாரநாட்களில் திரித்துவம், மீட்பு, கிருபை என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெடுப்பார்கள். ஞாயிறு காலையில் ஆலயத்தில் போய் நின்றால் அதே பழைய ஜெபம், அதே பழைய பதிலுரை. படித்தது ஒரு அலமாரியிலும் ஜெபிப்பது வேறொரு அலமாரியிலும் கிடக்கும். இப்படியே விட்டால் படிப்பு தேர்வோடு முடியும், ஆராதனை பழக்கமாகக் காய்ந்துபோகும்.

பவுல் இதை இரண்டாகப் பார்க்கவில்லை. ரோமர் நிருபத்தில் 9, 10, 11 என மூன்று அதிகாரங்கள் இஸ்ரவேலைப் பற்றிய கடினமான வாதம் ஓடுகிறது. வாதம் முடிகிற இடத்தில் அவர் முடிவுரை எழுதாமல், “ஆ! தேவனுடைய ஐசுவரியம், ஞானம், அறிவு என்பவைகளின் ஆழம் எவ்வளவாயிருக்கிறது!” என்று துதிக்கத் தொடங்கிவிடுகிறார். அடுத்த அதிகாரம் ‘அப்படியிருக்க’ என்று ஆரம்பித்து, நம் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதைப் ‘புத்தியுள்ள ஆராதனை’ என்கிறது. புத்தியும் ஆராதனையும் அங்கே ஒரே சொற்றொடரில் நிற்கின்றன. அதை ஒரு சிறு குழு எட்டு வாரங்களில் பழகிக்கொள்ளும் முறையைத்தான் கீழே படிப்படியாகத் தருகிறோம். தென்னிந்தியத் திருச்சபையின் ஆராதனை முறைமையை முன்னிறுத்தி எழுதியிருக்கிறோம். லுத்தரன் சபையாரும் கத்தோலிக்கரும் தங்கள் முறைமையை வைத்து இதையே செய்யலாம். அச்சிட்ட முறைமை இல்லாத சபையிலும் பாட்டு, சாட்சி, செய்தி, ஜெபம் என்று ஒரு வரிசை இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

தொடங்குவதற்கு முன்

ஆறு முதல் பத்துப் பேர் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் பாதிப் பேர் கேட்பவர்களாக மட்டும் இருந்துவிடுவார்கள். ஆயரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். “ஆராதனையைத் திருத்தக் கிளம்பிவிட்டார்கள்” என்ற பேச்சு எழுந்தால் குழு இரண்டாவது வாரத்தைத் தாண்டாது. ஆளுக்கொரு வேதாகமம், ஆராதனைப் புத்தகம், பாட்டுப் புத்தகம், கோடு போட்ட நோட்டு. செலவு அவ்வளவுதான்.

கூட்டம் 75 நிமிடம். முதல் 5 நிமிடம் மௌனமும் ஒரு சங்கீதமும், 20 நிமிடம் வாசிப்பு, 25 நிமிடம் உரையாடல், 15 நிமிடம் எழுதுவது, கடைசி 10 நிமிடம் எழுதியதை ஜெபிப்பது. இதில் மீறக்கூடாத பகுதி கடைசி 25 நிமிடம். பேச்சு சூடு பிடித்தால் எழுதும் நேரத்தைத்தான் முதலில் விழுங்கும். ஆகவே ஒருவரிடம் கடிகாரத்தைக் கொடுத்து, ஐம்பதாவது நிமிடத்தில் பேச்சைப் பாதியில் நிறுத்தும் அதிகாரத்தையும் கொடுத்துவிடுங்கள். முடியாத கேள்வி அடுத்த வாரத்துக்குப் போகட்டும். ஜெபமாகாத படிப்பு அப்படியே நின்றுவிடும்.

இரண்டு பக்க நோட்டு

நோட்டை விரித்து, இடது பக்கத்தின் தலையில் ‘அவர்’ என்றும் வலது பக்கத்தின் தலையில் ‘நீர்’ என்றும் எழுதுங்கள். இந்த முறையின் முதுகெலும்பு இதுதான்.

இறையியல் புத்தகங்கள் தேவனைப் பற்றிப் பேசுகின்றன: அவர் படைத்தார், அவர் மீட்டார். ஆராதனை தேவனோடு பேசுகிறது: நீர் படைத்தீர், நீர் மீட்டீர். தமிழில் இந்த வித்தியாசத்தை ஒளித்துவைக்க முடியாது, வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். 23ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்” என்று தொடங்கி மூன்று வசனம் வரை ‘அவர்’தான். புல்லுள்ள இடம், அமர்ந்த தண்ணீர் எல்லாம் அங்கே வந்துவிடுகின்றன. நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது. அந்த இடத்தில் பேச்சு திரும்புகிறது: “தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர், உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்.” புல்வெளியில் ‘அவர்’, பள்ளத்தாக்கில் ‘தேவரீர்’. முதல் மூன்று வசனங்களை இறையியல் என்றும் நான்காவதை ஜெபம் என்றும் பிரித்தால் சங்கீதமே உடைந்துபோகும்.

ஒவ்வொரு வாரமும் கற்றதை மூன்று வாக்கியங்களுக்கு மேல் போகாமல் இடது பக்கத்தில் எழுதுங்கள். பிறகு அதே வாக்கியங்களைத் தேவனிடமே சொல்வதாக வலது பக்கத்தில் மாற்றி எழுதுங்கள். சுலபமான இலக்கணப் பயிற்சி போலத் தோன்றும். செய்து பார்த்தால் எல்லா வாக்கியமும் மாற மறுப்பது தெரியும். ‘தேவன் எங்கும் நிறைந்தவர்’ என்று எழுதுவது எளிது. ‘நேற்று இரவு எங்கள் வீட்டில் நடந்த சண்டையின்போதும் நீர் அங்கே இருந்தீர்’ என்று எழுதப் பேனா தயங்கும். அப்படித் தயங்கும் இடத்துக்கு ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். படித்தது இன்னும் உள்ளே இறங்காத இடம் அது. அடுத்த வாரப் பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.

சபையின் பெரிய ஆசான்கள் சிலர் வலது பக்கத்திலேயே எழுதினார்கள். அகுஸ்தீன் தம் வாழ்க்கைக் கதை முழுவதையும் தேவனிடம் அறிக்கையிடுவதாக எழுதினார். 11ஆம் நூற்றாண்டில் அன்செல்ம் முன்வைத்த, தேவன் இருக்கிறார் என்பதற்கான புகழ்பெற்ற தர்க்கம் ஒரு ஜெபத்துக்கு உள்ளேதான் வருகிறது. தத்துவப் பாடநூல்கள் ஜெபத்தை உரித்துவிட்டுத் தர்க்கத்தை மட்டும் தருவதால் அது பலருக்குத் தெரிவதில்லை.

ஆராதனை முறைமையைப் பாடநூலாக வாசித்தல்

புதிதாகப் படிப்பவர்கள் இறையியலைத் தலைப்புகளாகச் சந்திக்கிறார்கள். சபையோ அதை ஒரு வரிசையாகவே வைத்திருக்கிறது. ஏசாயா 6ஆம் அதிகாரத்தின் ஓட்டத்தைக் கவனியுங்கள்: தரிசனம், “பரிசுத்தர் பரிசுத்தர் பரிசுத்தர்” என்ற துதி, “ஐயோ! அதமானேன்” என்ற அறிக்கை, நெருப்புத் தழலால் சுத்திகரிப்பு, தேவனுடைய சத்தம், “இதோ, அடியேன் இருக்கிறேன், என்னை அனுப்பும்.” ஞாயிறு ஆராதனையின் எலும்புக்கூடு இதுவே. துதிக்குப் பின்புதான் பாவ அறிக்கை வருவதற்குக் காரணமும் இங்கே இருக்கிறது. தன் நிலையை ஏசாயா அறிந்தது தேவனைக் கண்ட பிறகுதான்.

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றாக வந்தார்கள். 1950இல் வந்த திருவிருந்து ஆராதனை முறைமையில் அந்த ஐக்கியத்தின் தடம் வரிக்கு வரி இருக்கிறது. சமாதானத்தைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கும் வழக்கம் சுரியானி மரபிலிருந்து வந்தது. நல்ல பிரதான ஆசாரியரான இயேசுவைச் சபையின் நடுவில் வரும்படி அழைக்கும் ஜெபத்தின் ஊற்று ஸ்பெயினின் பழைய மொசராபிய வழிபாட்டில் இருக்கிறது. ‘இது வெள்ளைக்காரர் வைத்துவிட்டுப் போன புத்தகம்’ என்று ஒதுக்குபவர்களுக்கு இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.

எட்டு வாரங்களையும் இந்த வரிசையிலேயே பிரித்துக்கொள்ளலாம். முதல் வாரம் அழைப்பும் துதியும், ஏசாயா 6 உடன். இரண்டாவது, பாவ அறிக்கையும் மன்னிப்பும், சங்கீதம் 51 உடன். மூன்றாவது, வேதவாசிப்பும் பிரசங்கமும். எம்மாவு வழிப்பயணம், லூக்கா 24:13-35. நான்காவது, விசுவாசப்பிரமாணம். ஐந்தாவது, மன்றாட்டுகள், ரோமர் 8:26-27 உடன். ஆறாவது, சமாதானமும் காணிக்கையும். ஏழாவது, திருவிருந்து, 1 கொரிந்தியர் 11. எட்டாவது, ஆசீர்வாதமும் அனுப்புதலும். எண்ணாகமம் 6:24-26, 2 கொரிந்தியர் 13:14.

எல்லா வாரத்துக்கும் ஒரே கனம் கிடையாது. முதலும் எட்டாவதும் சுலபமாகப் போய்விடும். நான்காவதற்கு இரண்டு வாரம் தேவைப்படலாம். ஆறாவது வாரம் வலிக்கும், வலிக்கத்தான் வேண்டும். நம் முறைமையில் சமாதானம் கொடுத்த பிறகுதான் காணிக்கை வருகிறது. சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்ற மத்தேயு 5:23-24 அப்படியே செயலாக நிற்கும் இடம் அது. கல்லறையிலும் சாதிச் சுவர் எழுப்பிய வரலாறு தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு உண்டு. யார் கையிலிருந்து சமாதானம் வாங்குகிறோம், அந்தக் கை நம் வீட்டுச் சமையலறை வரை வருமா என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டுத் ‘திருச்சபை கிறிஸ்துவின் சரீரம்’ என்று இடது பக்கத்தில் எழுதாதீர்கள்.

ஜெபத்தின் இலக்கணத்தில் ஒளிந்திருக்கும் இறையியல்

இந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு முழுக்கூட்டம் ஒதுக்கினாலும் தகும். ஆங்கிலம் போன்ற மொழிகளில் காண முடியாத சில வெளிச்சங்கள் தமிழில் உண்டு.

முதலாவது, நாமும் நாங்களும். ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. தேவனிடம் பேசும்போது கேட்பவர் தேவன். ஆகவே “எங்கள் பாவங்களை மன்னியும்” என்றுதான் வரவேண்டும். “தேவனே, நாம் செய்த பாவங்களை மன்னியும்” என்று வாய்தவறிச் சொல்லும்போது பாவம் செய்தவர்களின் பட்டியலில் தேவனையும் சேர்த்துவிடுகிறோம். படைத்தவருக்கும் படைப்புக்கும் உள்ள வேறுபாடு என்று புத்தகம் ஒரு அதிகாரம் முழுக்க விளக்குவதை இந்த ஒரு சொல் வித்தியாசம் காத்துநிற்கிறது. கர்த்தர் கற்பித்த ஜெபம் “எங்கள் பிதாவே” என்கிறது. ஆசீர்வாதத்தில் சபையாரைப் பார்த்துப் பேசும்போது “நம்முடைய கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் கிருபை” என்று மாறுகிறது. உங்கள் ஆராதனைப் புத்தகத்தில் ‘எங்கள்’ வரும் இடங்களை ஒரு நிறத்திலும் ‘நம்’ வரும் இடங்களை இன்னொரு நிறத்திலும் கோடிடுங்கள். எந்தப் பகுதி தேவனை நோக்கியது, எது ஒருவரையொருவர் நோக்கியது என்பது பதினைந்து நிமிடத்தில் கண்முன் விரியும்.

இரண்டாவது, ஆவியும் ஆவியானவரும். ‘ஆவி இறங்கும்’ என்பது அஃறிணை முடிவு. ‘ஆவியானவர் வருவார்’ என்பது உயர்திணை. “என் ஆவியை ஊற்றுவேன்” என்று வேதமே சொல்வதால் ஊற்றும்படி கேட்பது தவறல்ல. ஆனால் ஒரு சபையின் ஜெபங்களில் ஊற்றுவதும் நிரப்புவதும் மட்டுமே இருந்து, போதிக்கிறவர், தேற்றுகிறவர், துக்கப்படுகிறவர் என்ற பேச்சே இல்லாமல் போனால், கேட்டு வளரும் பிள்ளைகள் பரிசுத்த ஆவியானவரை மின்சாரம் போன்ற ஒரு சக்தியாகவே நினைப்பார்கள். அவர்களுக்குத் திரித்துவத்தை எந்தப் பாடநூலாலும் எளிதில் விளக்க முடியாது.

மூன்றாவது, யாரிடம் பேசுகிறோம் என்பது. “அன்புள்ள பரம பிதாவே” என்று தொடங்கி, நடுவில் “எங்களுக்காகச் சிலுவையில் இரத்தம் சிந்தினீரே” என்று போகும் ஜெபத்தை எந்தச் சபையிலும் கேட்கலாம். சொல்பவரின் உள்ளத்தில் குறை இல்லை. இருந்தாலும் சிலுவையில் மரித்தவர் பிதா அல்லர், குமாரன். பிதாவும் குமாரனும் ஒருவரே என்று போதித்த பிரக்சேயாவை மறுத்த தெர்த்துல்லியன், அவர் பிதாவைச் சிலுவையில் அறைந்துவிட்டார் என்று 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குற்றம் சாட்டினார். திருத்தம் எளிது: “பிதாவே, எங்களுக்காக உமது குமாரனைத் தந்தீரே.” இயேசுவை நோக்கி ஜெபிக்கலாம், ஸ்தேவான் “கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்” என்று ஜெபித்தார். அப்படி ஜெபிக்கும்போது முடிவில் ‘இயேசுவின் நாமத்தில்’ என்று சேர்க்கத் தேவையில்லை. ‘ஆமென்’ போதும்.

இதெல்லாம் நுணுக்கம் பிடித்த வேலையோ என்று தோன்றினால் பெரிய பசிலின் கதையைக் குழுவுக்குச் சொல்லுங்கள். 4ஆம் நூற்றாண்டில் கப்பதோக்கியாவின் செசரியாவில் பேராயராக இருந்த பசில், ஆராதனையில் இரண்டு விதமாக மகிமை செலுத்தினார். ‘குமாரன் மூலமாகப் பரிசுத்த ஆவியில் பிதாவுக்கு மகிமை’ என்பது பழகிய வடிவம். ‘குமாரனோடும் பரிசுத்த ஆவியோடும்கூடப் பிதாவுக்கு மகிமை’ என்பது இன்னொன்று. புதுமை செய்கிறார் என்று அவர்மேல் குற்றம் எழுந்தது. அதற்குப் பதிலாகத்தான் பரிசுத்த ஆவியானவரைப் பற்றிய தம் நூலை 375ஆம் ஆண்டுவாக்கில் எழுதினார். ‘மூலமாக’, ‘இல்’, ‘ஓடு’ என்ற சிறு சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து வாதாடுகிற நூல் அது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கிறோம். ஞானஸ்நானம் பெற்றபடியே விசுவாசிக்கிறோம். விசுவாசிக்கிறபடியே மகிமை செலுத்துகிறோம் என்பது அவருடைய வாதத்தின் நடுநரம்பு.

அவர் இறந்த பிறகு 381இல் கான்ஸ்தாந்தினோபிளில் கூடிய சங்கத்தோடு இணைத்துச் சொல்லப்படும் பிரமாணத்தைத்தான் இன்று நிசேயா விசுவாசப்பிரமாணம் என்று சொல்கிறோம். குமாரனைப் பற்றி ‘பிதாவோடே ஒரே தன்மையுடையவர்’ என்று 325இல் கூடிய நிசேயா சங்கம் எழுதிய சொல்லை அது ஆவியானவருக்குப் பயன்படுத்தவில்லை. மாறாக, பிதாவோடும் குமாரனோடும்கூடத் தொழப்பட்டு மகிமைப்படுத்தப்படுகிறவர் என்கிறது. ஆவியானவர் தேவன் என்ற உபதேசத்தை ‘தொழப்படுகிறவர்’ என்ற ஆராதனைச் சொல்லாலேயே சபை எழுதிவைத்தது. நான்காம் வாரக் கூட்டத்தில் இந்த வரியில் நின்று நிதானியுங்கள். பிறகு “பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை உண்டாவதாக” என்று எழுந்து நின்று சொல்லுங்கள். மூன்று முறை வரும் அந்த ‘உம்’ எவ்வளவு போராட்டத்துக்குப் பின் நமக்குக் கிடைத்தது என்று தெரிந்து சொல்லும்போது நாக்கு நிதானமாகும்.

ஆராதனை எப்போதும் சரி, உபதேசம் அதைப் பின்பற்றினால் போதும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்த அரியுவும் தன் போதனையைச் செய்யுளாக்கிப் பரப்பினவன்தான். பாடுகிறோம் என்பதாலேயே பாட்டு சத்தியமாகிவிடாது. ஜெபம் விசுவாசத்தை உருவாக்குகிறது, வேதத்தால் சோதிக்கப்பட்ட விசுவாசம் ஜெபத்தைத் திருத்துகிறது. இரண்டு பக்கமும் போக்குவரத்து இருக்க வேண்டும்.

சுருக்க ஜெபம் எழுதுதல்

வலது பக்கத்தில் சேர்ந்த வாக்கியங்களைச் சபையில் சொல்லத்தக்க ஜெபமாக்கப் பழைய வடிவம் ஒன்று கைகொடுக்கும். ஆராதனைப் புத்தகத்தில் அந்தந்த ஞாயிற்றுக்குரிய சிறு ஜெபங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து உறுப்புகள் இருக்கும்: அழைப்பு, தேவன் எப்படிப்பட்டவர் அல்லது என்ன செய்தவர் என்பது, ஒரே ஒரு வேண்டுதல், அந்த வேண்டுதலின் நோக்கம், கிறிஸ்துவின் மூலமாக என்ற முடிவு. படைப்பைப் பற்றிப் படித்த வாரத்தில் இப்படி ஒன்று எழுதலாம்:

“சிருஷ்டிகராகிய தேவனே, உமக்கு ஒரு குறைவும் இல்லாதிருந்தும் அன்பினாலே உலகத்தை உண்டாக்கினீர். நாளைக்கு வேலை கிடைக்குமோ என்று கலங்குகிற எங்கள் வீடுகளுக்கு அன்றன்றுள்ள அப்பத்தைத் தாரும். பெற்றதைப் பூட்டிவைக்காமல் பகிர்ந்து வாழ இப்படிச் செய்தருளும். எங்கள் கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் மூலமாகக் கேட்கிறோம். ஆமென்.”

இதில் உயிர்நாடி இரண்டாவது உறுப்பு. தேவனைப் பற்றி அங்கே என்ன சொல்கிறீர்களோ அதுதான் மூன்றாவது உறுப்பின் வேண்டுதலுக்குக் காரணமாக இருக்க வேண்டும். ‘சர்வவல்லவரே, இரக்கமுள்ளவரே, அன்புள்ளவரே’ என்று மூன்று பட்டங்களை அடுக்கிவிட்டு அவற்றோடு சம்பந்தமே இல்லாத ஒன்றைக் கேட்டால் ஜெபம் தளர்ந்துவிடும். ஒரு பட்டம், அதற்குப் பொருந்தும் ஒரு வேண்டுதல். முதல் முயற்சியில் வேண்டுதல்கள் நான்கைந்து வந்துவிடும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அடுத்த ஜெபங்களுக்கு ஒதுக்குங்கள். வாய்விட்டுச் சொல்லி அரை நிமிடத்துக்குள் முடிந்தால் அளவு சரி.

கலைச்சொற்களை உள்ளே கொண்டுவராதீர்கள். ‘மனுவுருவேற்பு’ என்ற சொல் ஜெபத்தில் வந்தால் பின்வரிசைப் பாட்டி அங்கேயே நின்றுவிடுவார். ‘எங்கள் மாம்சத்தில் வந்தவரே’ என்றால் அவரும் உடன் வருவார். இன்னொரு பிழை, ஜெபத்தைப் பிரசங்கமாக்குவது. “ஆண்டவரே, நிசேயா சங்கம் 325இல் கூடியது உமக்குத் தெரியும்” என்கிற தொனி எட்டிப்பார்த்தால் நீங்கள் பேசுவது தேவனிடம் அல்ல, சபையிடம். அந்த வாக்கியத்தை இடது பக்கத்துக்கே திருப்பி அனுப்புங்கள்.

பாடல்களைச் சோதித்தல்

ஐந்தாவது வாரத்துக்குள் ஒரு கணக்கெடுப்பு செய்துவிடுங்கள். தொடர்ந்து நான்கு ஞாயிறுகளில் பாடப்பட்ட எல்லாப் பாடல்களையும் எழுதுங்கள். வாரம் ஐந்து என்றால் இருபது. ஒவ்வொன்றின் எதிரிலும் நான்கு குறிப்பு: யாரை நோக்கிப் பாடுகிறோம், ‘நானா’, ‘நாங்களா’, ‘நாமா’, தேவன் செய்த எந்தச் செயல் சொல்லப்படுகிறது, வினைகளுக்கு எழுவாய் பெரும்பாலும் தேவனா, நாமா. கடைசிக் குறிப்புதான் அதிகம் பேசும். எல்லா வினையும் ‘நான் துதிப்பேன், நான் உயர்த்துவேன்’ என்றே இருந்தால், தேவன் என்ன செய்தார் என்பதைச் சபை வேறெங்கே பாடுகிறது என்று தேட வேண்டும்.

கீர்த்தனைகளில் பல்லவியைத் தனியாகக் கவனியுங்கள். ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் திரும்பி வருவதால் மனதில் மிக ஆழமாக இறங்குவது அதுவே. சரணங்களில் எவ்வளவு செறிவு இருந்தாலும் நேரம் இல்லை என்று முதல் சரணத்தோடும் கடைசிச் சரணத்தோடும் நிறுத்தும் பழக்கம் பல சபைகளில் இருக்கிறது. சிலுவை பாடப்படாமல் பிறப்பிலிருந்து நேராக மகிமைக்குத் தாவும் பாடல்கள் இப்படித்தான் உண்டாகின்றன. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) போன்றோர் ஒரு வரிசையை மனதில் வைத்து எழுதினவர்கள். நடுவில் சரணத்தை வெட்டுவது வாதத்தின் நடுவில் ஒரு படியைப் பிடுங்குவதற்குச் சமம். நேரம் குறைவென்றால் ஒரு பாட்டைக் குறைத்து, மற்றதை முழுவதும் பாடுவது மேல்.

கணக்கெடுப்பின் முடிவைப் பாடகர் குழுவிடம் குற்றப்பத்திரிகையாக நீட்டாதீர்கள். புலம்பல் பாட்டே இல்லை என்று கண்டால், லெந்து நாட்களுக்கு ஒரு பாட்டைப் பரிந்துரைத்து, அதைக் கற்க நீங்களே பாடகர் பயிற்சிக்குப் போய் அமருங்கள்.

எங்கே தடுமாறும்

மிகப் பெரிய ஆபத்து, ஆராதனை நேரத்தில் மாணவராகவே உட்கார்ந்திருப்பது. புதிதாகக் கற்றவருக்கு ஜெபம் சொல்பவரின் ஒவ்வொரு பிழையும் காதில் குத்தும். ஆலயத்துக்குள் நோட்டும் பேனாவும் வேண்டாம் என்பதைக் குழுவின் விதியாக வையுங்கள். பாட்டுக் கணக்கெடுப்பைக்கூட வீட்டுக்கு வந்து பாட்டு எண்களைப் பார்த்துச் செய்யுங்கள். பிழையான ஜெபம் காதில் விழுந்தால், அதைச் சரியான வடிவில் மனதுக்குள் நீங்களே ஜெபித்துவிட்டு ‘ஆமென்’ சொல்லுங்கள். சொன்னவரிடம் போய்த் திருத்தம் கொடுக்காதீர்கள். அவர் முப்பது ஆண்டு முழங்காலில் நின்று கற்றதை நீங்கள் இன்னும் படிக்கத் தொடங்கவில்லை.

இரண்டாவது, சிலருக்குப் படிப்பின் நடுவே ஜெபமே வராமல் போகும். பழைய எளிய பதில்கள் உடைந்து புதியவை உருவாகாத இடைவெளி அது. அந்த நாட்களில் சொந்த வார்த்தைகளைத் தேடி வாடாமல் சபையின் வார்த்தைகளில் சாய்ந்துகொள்ளலாம். காலை ஒன்று, மாலை ஒன்று என்று சங்கீதங்களை வரிசையாக வாய்விட்டு வாசியுங்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வரி ஒன்றுமில்லாமல். அதுவும் வேதத்துக்குள்தான் இருக்கிறது, அதுவும் ‘நீர்’ என்றுதான் பேசுகிறது. கேள்வி கேட்பவரைக் குழுவில் யாராவது ‘விசுவாசம் குறைந்துவிட்டது’ என்று சொன்னால், கூட்டத்தை நடத்துபவர் அந்தச் சங்கீதத்தை அங்கேயே எடுத்து வாசிக்க வேண்டும்.

மூன்றாவது, விளக்கத்தை அனுபவத்துக்கு முன்பே கொட்டிவிடுவது. 4ஆம் நூற்றாண்டில் எருசலேம் சபை ஞானஸ்நானம், திருவிருந்து பற்றிய முழு விளக்கத்தை, அவற்றைப் பெற்ற பிறகு உயிர்த்தெழுதல் வாரத்தில்தான் புதிய விசுவாசிகளுக்குக் கொடுத்தது. எருசலேம் பேராயர் சிரிலின் பெயரில் அந்த உரைகள் இன்றும் இருக்கின்றன. பிள்ளைகளை முதல் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் நம் திடப்படுத்தல் வகுப்புகள் திடப்படுத்தல் ஆராதனை நாளோடு முடிந்துவிடுகின்றன. பிள்ளைகள் முதன்முதலாக அப்பத்தையும் ரசத்தையும் பெற்ற அடுத்த வாரம் அவர்களிடம் பேச ஆள் இருப்பதில்லை. ஆயர் இசைந்தால் அந்த ஒரு வகுப்பைக் குழு ஏற்றுக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் போதும். “என்ன கேட்டீர்கள், என்ன தொட்டீர்கள், எந்த வார்த்தை நினைவிருக்கிறது?” என்று முதலில் கேளுங்கள். பிள்ளைகள் சொல்வதிலிருந்துதான் விளக்கம் தொடங்க வேண்டும்.

எட்டாவது வாரத்தில் கொடுக்க வேண்டிய தாள்

கடைசிக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தம் சுருக்க ஜெபங்களில் ஒன்றைக் கொண்டுவரட்டும். வாய்விட்டு வாசியுங்கள், மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். அவற்றில் நான்கைத் தேர்ந்து, பெயர் போடாமல் பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதி, புதன்கிழமைக்குள் ஆயரிடம் கொடுங்கள். சனிக்கிழமை இரவு கொடுத்தால் அவருக்கு வாசித்துப் பார்க்க நேரம் இருக்காது. அவர் மாற்றச் சொல்வதை மாற்றிக் கொடுங்கள். மன்றாட்டு நேரத்தில் அவற்றில் ஒன்று சொல்லப்பட்டால், எழுதியவர் முகத்தைக் காட்டிக்கொள்ளாமல் சபையோடு சேர்ந்து “கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேளும்” என்று சொல்லட்டும். நோட்டில் நட்சத்திரக் குறி போட்ட இடங்களை எண்ணிப் பாருங்கள். அடுத்த எட்டு வாரத்துக்கான பாடத்திட்டம் அங்கே இருக்கிறது.